கருப்பட்டிக் கடைக்கு ஒரு முகவரி: .காம், .இன், .இந்தியா மூன்றையும் வைத்துப் பார்த்த அனுபவம்

தூத்துக்குடி மாவட்டத்தில் என் அண்ணி நடத்தும் கருப்பட்டிக் கடைக்குக் கடந்த 6 ஆண்டுகளில் 3 விதமான டொமைன் பெயர்களை, அதாவது இணைய முகவரிகளை, வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை இழக்கும் நிலைக்குப் போய்ப் பணம் கட்டி மீட்டோம். ஒன்று இன்று கடையின் முழுநேர முகவரியாக இருக்கிறது. மற்றொன்று தமிழ் எழுத்திலேயே அமைந்தது, எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதை மட்டும் நம்பி வியாபாரம் செய்ய முடியாது. இந்த மூன்றையும் பற்றிய மதிப்புரை இது. ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: .காம், .இன் என்று நான் இங்கே தமிழில் எழுதினாலும் அவை ரோமன் எழுத்தில் தட்டப்படுபவை; .இந்தியா மட்டும்தான் தட்டும்போதும் தமிழாகவே இருக்கும். கடையின் பெயரைச் சொன்னால் இது விளம்பரமாகிவிடும் என்பதால், தேவைப்படும் இடங்களில் 'கருப்பட்டிக்கடை' என்ற சொல்லை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

டொமைன் பெயர் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க நம் அஞ்சல் உறையே போதும். பெறுபவரின் பெயரை முதலில் எழுதி, தெரு, ஊர், மாவட்டம் என்று இறங்கிக் கடைசியில் பின்கோடு எழுதுகிறோம். ஆனால் கடிதத்தைப் பிரிக்கிறவர்கள் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இணையமும் முகவரியைக் கடைசியிலிருந்தே படிக்கிறது. .காம், .இன் போன்ற கடைசிப் பகுதிதான் பின்னொட்டு. எல்லாப் பின்னொட்டுகளின் பட்டியலையும் வைத்திருக்கும் வேர் சர்வர்கள் என்ற கணினிகளிடம் முதலில் கேட்கப்படுவது அந்தப் பின்னொட்டு யாருடையது என்பதுதான். அந்தப் பின்னொட்டை நிர்வகிக்கும் பதிவகம், அதற்கு இடப்பக்கம் உள்ள பெயர் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று வழிகாட்டுகிறது. 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் இந்த அமைப்பை வடிவமைப்பதற்கு முன்பு, இணைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அதை ஒவ்வொருவரும் நகலெடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பின்னொட்டு வெறும் வால் அன்று என்பதற்கு இந்த அமைப்பே சான்று: உங்கள் பெயர் யாருடைய விதிகளுக்கும் யாருடைய விலைக்கும் கட்டுப்பட்டது என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

வலமிருந்து படிக்கும் இந்தப் பழக்கம் கடைக்காரருக்கு மட்டுமல்லாமல் வாடிக்கையாளருக்கும் பயன்படும். முகவரியின் நடுவில் உங்கள் வங்கியின் பெயர் இருந்தாலும், பின்னொட்டுக்கு ஒட்டி இடப்பக்கம் வேறொரு பெயர் இருந்தால் அந்தத் தளம் அந்த வேறொருவருக்குத்தான் சொந்தம். இந்த ஏமாற்றைத் தடுக்கத்தான் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கென்றே 'பேங்க்.இன்' என்ற தனி வட்டத்தை 2025 பிப்ரவரியில் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்த்து நம்பலாம் என்ற நிலையை உருவாக்கும் முயற்சி இது. நான் பார்த்தவற்றுள் பின்னொட்டை மிகச் சரியாகப் பயன்படுத்திய ஏற்பாடு இதுவே.

இனி முதலில் வாங்கிய .காம். 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் .காம் பெயரைப் பதிவுசெய்தது. 40 ஆண்டுப் பழக்கத்தால், எந்தப் பெயரைச் சொன்னாலும் கேட்பவர் வாய் தானாகவே 'டாட் காம்' என்று முடிக்கிறது. இதுதான் அதன் பெரிய பலம், இதற்கு ஈடான பலம் வேறு எந்தப் பின்னொட்டுக்கும் இல்லை. விலையும் ஓரளவு கணிக்கத்தக்கது: பதிவகமான வெரிசைன், நமக்குப் பெயர்களை விற்கும் பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலரானது, அந்த விலையை நினைத்தபடி உயர்த்திவிட முடியாதபடி ஒப்பந்த வரம்பும் இருக்கிறது. குறை என்னவென்றால், நல்ல பெயர்கள் எல்லாம் போய்விட்டன. தமிழில் சுவையான, சிறிய சொல் எதையாவது ரோமன் எழுத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ வாங்கி, பக்கம் ஏதும் போடாமல், விற்பனைக்கு என்று பலகை மாட்டி வைத்திருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது, இரண்டு சொற்களை ஒட்டிய நீளமான பெயர். அதற்குள் நான் அப்போது கவனிக்காத ஒரு பள்ளம் இருந்தது.

அந்தப் பள்ளம் எழுத்துக்கூட்டல். 'கருப்பட்டி' என்று தமிழில் எழுதினால் அது ஒரே சொல். ரோமன் எழுத்தில் 'ப்ப'வுக்கு ஒரு 'பி'யா இரண்டா, 'ட்டி'க்கு ஒரு 'டி'யா இரண்டா என்ற கேள்வி எழுந்ததுமே நான்கு வடிவங்கள் வந்துவிடுகின்றன. 'கடை' என்று சேர்த்தால் இன்னும் பெருகும். தமிழில் இரட்டிப்பது பொருளையே மாற்றும் என்பதால் சிக்கல் இரு மடங்காகிறது: 'பனை' என்று நாம் வைக்கும் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டினால் 'பண்ணை' ஆகிவிடும், மளிகைக் கடைக்காரர் வாங்கும் பெயரில் ஓர் எழுத்து கூடினால் மல்லிகைப் பூ வந்துவிடும். பெயர் வாங்கி ஓராண்டு கழித்துத்தான் நான் செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். உறவினர்களும் பழைய வாடிக்கையாளர்களுமாக 10 பேரைத் தொலைபேசியில் அழைத்து, கடை முகவரியை ஒரே ஒரு முறை சொல்லி, கேட்டதை அப்படியே தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். 5 விதமான எழுத்துக்கூட்டல்கள் வந்தன. எங்கள் முகவரியைச் சரியாக அனுப்பியவர்கள் 3 பேர். பட்டியலைப் பார்த்த அண்ணி, "தம்பி, சொன்னா எழுத வரணும்; இல்லேன்னா அது எதுக்கு?" என்றார். டொமைன் பெயரைத் தேர்ந்தெடுக்க அதைவிடச் சிறந்த அளவுகோலை நான் இதுவரை எந்த வழிகாட்டியிலும் படிக்கவில்லை.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆபத்தான எழுத்துகள் எவை என்று ஒரு கணக்கு பிடிபடும். ழகரம் உள்ள சொல்லை ஒருவர் 'இசட்எச்' என்றும் இன்னொருவர் 'எல்' என்றும் எழுதுவார். தகரத்துக்கு 'டிஎச்', வெறும் 'டி' என்று இருவகை. சொல்லின் நடுவில் வந்தால் 'டிஎச்'சிலேயே T, D என்ற இரு 'டி'களும் போட்டிக்கு வரும். நெடில் வந்தால் 'ஏ' ஒன்றா இரண்டா என்ற தயக்கம். வல்லின இரட்டிப்பு பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மாறாக, ம, ல, ன போன்ற எழுத்துகளும் குறில்களும் கொண்ட சிறிய சொற்களை எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி எழுதுகிறார்கள். இரண்டாவது முறை பெயர் தேடியபோது அழகான பல சொற்களை இந்தக் காரணத்துக்காகவே மனமில்லாமல் ஒதுக்கினோம். கடைசியில் கிடைத்தது ஐந்தே ரோமன் எழுத்துகள் கொண்ட ஒரு சொல், அது .காமில் போயிருந்தது, .இன்னில் இருந்தது.

.இன் இந்தியாவின் நாட்டுக் குறியீடு. 1989 முதல் இருக்கிறது. ஆனால் 2005 வரை கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் சில ஆயிரம் பேர்தான். அந்த ஆண்டு கொள்கை தளர்த்தப்பட்டு, நிக்ஸி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனத்தின் பொறுப்பில் எவரும் நேரடியாகப் பெயர் வாங்கலாம் என்றானது. தாமதமாகத் திறந்த கதவு என்பதே இன்று நமக்கு நன்மை: .காமில் என்றோ தீர்ந்துபோன சிறிய பெயர்கள் இங்கே இன்னும் கிடைக்கின்றன. புதுப்பிப்புக் கட்டணமும் எங்கள் அனுபவத்தில் .காமைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது. பதிவு செய்பவரின் விவரங்களை மறைக்கும் சேவையை .இன் பெயர்களுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை, கொடுக்கும் பெயரும் முகவரியும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். தனிமனிதர் எழுதும் வலைப்பூவுக்கு அது நியாயமான கவலை. ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பும் கடை, தான் யார் என்று சொல்லத் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

.இன்னுக்கும் ஒரு குறை உண்டு. பழக்க தோஷத்தால் அதோடு .காமைச் சேர்த்துத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், 'கோ.இன்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதிகம் உள்ள தொழிலுக்கு இது சற்றுக் கூடுதலாகவே உறுத்தும். எங்கள் கருப்பட்டி பெரும்பாலும் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் சென்னைக்கும்தான் போகிறது; அங்கே .இன் என்றால் யாரும் இருமுறை கேட்பதில்லை. அதே பெயர் வேறொருவரிடம் .காமில் இருக்கும்போது, அவர் உங்கள் தொழிலையே செய்பவரா என்று அவசியம் பாருங்கள். அவர் வேறு நாட்டில் வேறு தொழில் செய்தால் கவலையில்லை. அதே பொருளை விற்பவரானால் அந்தப் பெயரை விட்டுவிடுவதே நேர்மை. வணிகக்குறி பதிவு பெற்ற ஒருவரின் பெயரைத் தெரிந்தே எடுத்தால், .இன் பெயர்களுக்கென்று உள்ள தகராறு தீர்ப்பு முறையின் மூலம் அவர் அதைத் திரும்பப் பெற்றுவிட முடியும்.

இடையில் ஒரு சபலமும் வந்தது. 2012இல், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் கோரியபோது, ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணம் என்ற நிலையிலும் 1,900க்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன. அவற்றின் விளைவாகக் கடை, சாப்பாடு, ஊர், தொழில் என்று எதைக் குறிக்கவும் இன்று ஒரு பின்னொட்டு கிடைக்கிறது. அவற்றில் ஒன்றை முதல் ஆண்டுக்கு 150 ரூபாய்க்குத் தருவதாக ஒரு பதிவு நிறுவனம் காட்டியது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று தேடியபோது, நான்கு பக்கம் தள்ளிச் சிறிய எழுத்தில் 4,000 ரூபாய்க்கு மேல் என்று இருந்தது. இந்தப் புதிய பின்னொட்டுகளின் மொத்த விலைக்கு .காமுக்கு உள்ளது போன்ற வரம்பு கிடையாது. பெட்டியிலும் பலகையிலும் அச்சிட்டுவிட்ட பிறகு விலை ஏறினால், கொடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு நாடுகளின் குறியீடுகளை அழகுக்காக வாங்குவதிலும் இத்தகைய சிக்கல் இருக்கிறது. நாட்டுக் குறியீட்டின் வாழ்வு அந்த நாட்டோடு கட்டுண்டது. யூகோஸ்லாவியா என்ற நாடு இல்லாமல் போனதால் அதன் பின்னொட்டு 2010இல் நீக்கப்பட்டே விட்டது.

மூன்றாவது, என் மனத்துக்கு மிக நெருக்கமான .இந்தியா. இணையத்தின் வேர்ப் பட்டியலில் தமிழ் எழுத்தில் மூன்று நாடுகளின் பெயர்கள் இருக்கின்றன: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. தமிழர் கணிசமாக வாழும் மலேசியாவின் உள்ளூர் எழுத்துப் பின்னொட்டு ஜாவி எழுத்தில் அமைந்தது. 'கருப்பட்டிக்கடை.இந்தியா' என்ற வரியை முகவரிப் பட்டையில் முதன்முறை தட்டி, எங்கள் தளம் திறந்ததைப் பார்த்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. மேலே சொன்ன எழுத்துக்கூட்டல் தொல்லை அத்தனையும் ஒரே அடியில் தீர்ந்துவிடுகிறது. 'ப்ப'வுக்கு எத்தனை எழுத்து என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் தமிழுக்கே உரிய வேறு கேள்விகள் வருகின்றன. டொமைன் பெயரில் இடைவெளி விட முடியாது. சொற்களை ஒட்டித்தான் எழுத வேண்டும். ஒட்டினால் ஒற்று மிகுமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. இலக்கணப்படி 'கருப்பட்டிக்கடை', ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் 'கருப்பட்டிகடை' என்றே தட்டுகிறார்கள். கணினிக்கு இவை முற்றிலும் வேறான இரு பெயர்கள். ஆகவே இரண்டையும் வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டோம். இதைவிட நுட்பமான சிக்கல் 'ஸ்ரீ'. நம் ஊரில் எத்தனை கடைப் பெயர்கள் அதில் தொடங்குகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் குறியீடு தரும் யூனிகோடு முறையில் அதை 'ஸ'கரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட 'ஶ'கரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே இருக்கும் குறியீடு வேறு. எந்த விசைப்பலகை எதைத் தட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. ஸ்ரீயில் தொடங்கும் கடைப் பெயருக்கு .இந்தியா வாங்குகிறவர்கள், அந்த எழுத்தை விட்டுவிட்டு மீதிப் பெயரை வாங்குவது நல்லது என்பேன்.

தமிழ் முகவரி உண்மையில் எப்படிப் பயணம் செய்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். டொமைன் அமைப்பின் அடித்தளம் ரோமன் எழுத்துகள், எண்கள், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். எனவே 'பியூனிகோடு' என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்ப் பெயரும், 'எக்ஸ்', 'என்', இரண்டு சிறுகோடுகள் என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. கண்ணுக்கு 9 எழுத்தாகத் தெரியும் 'கருப்பட்டிக்கடை', புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடில் 15 குறியீடுகள். மாற்றிய பிறகு இன்னும் நீள்கிறது. ஒரு பெயருக்கு உச்ச வரம்பு 63 எழுத்துகள் என்பதால் மிக நீண்ட தமிழ்ப் பெயர்களுக்கு இடம் போதாது. உலாவியில் இந்த மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் முகவரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பல நேரங்களில் அந்த ரோமன் கோவைதான் வந்து விழுகிறது; அதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் மோசடி இணைப்பு என்று எண்ணி எங்களுக்கே எச்சரிக்கை அனுப்பினார். சில செய்திச் செயலிகளில் தமிழ் முகவரி தொடக்கூடிய இணைப்பாக மாறவே இல்லை. மின்னஞ்சலில் நிலைமை இன்னும் கடினம். தமிழ் முகவரிகளை ஏற்பதற்கான தொழில்நுட்ப விதி 2012இலேயே வெளியாகிவிட்டது; ஆயினும் ஒரு கூரியர் நிறுவனத்தின் பதிவுப் படிவம் எங்கள் தமிழ் மின்னஞ்சலைத் 'தவறான முகவரி' என்று மூன்று முறை திருப்பி அனுப்பியது. தவறு முகவரியில் இல்லை, படிவத்தில்தான். எனினும் சரக்கு அன்றே போயாக வேண்டும் என்பதால் .இன் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இத்தனைக்குப் பிறகும் அதை ஏன் புதுப்பித்து வருகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு கோவில்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அண்ணியை அழைத்து, 'பெட்டியில் இருந்த தமிழ் வரியை என் கைப்பேசியில் தமிழிலேயே தட்டினேன், கடை வந்து நின்றது, இதற்கு முன்பு எதையும் இணையத்தில் வாங்கியதில்லை' என்றார். அவர் கேட்டது 2 கிலோ. அந்த அழைப்பு வந்த நாளிலிருந்து அண்ணியிடம் .இந்தியா தேவையா என்ற பேச்சே எழுவதில்லை.

எந்தப் பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தாலும், அது யார் பெயரில் பதிவாகிறது என்பதில் நாங்கள் செய்த பிழையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் .காமை, தளம் வடிவமைத்துத் தந்தவரே தன் மின்னஞ்சலில், தன் கணக்கில் பதிவுசெய்தார். நாங்களும் ஒரு வேலை குறைந்தது என்று விட்டுவிட்டோம். அவர் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். காலாவதி எச்சரிக்கைகள் எல்லாம் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயின. ஒரு நாள் காலை தளம் இருந்த இடத்தில் விளம்பரப் பக்கம் நின்றது. அதே முகவரி அச்சிட்ட 2,000 அட்டைப் பெட்டிகள் கிடங்கில் இருந்தன. .காம் பெயர் காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போய்விடாது என்பது அப்போதுதான் தெரிந்தது: பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கும் அவகாசம், அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், பிறகு 5 நாள் காத்திருப்பு, அதன்பின் எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் விழித்தது மீட்புக் காலத்தில். வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்டி, அவரைத் தேடிப்பிடித்து, பெயரை மாற்றிக்கொள்ளத் தேவையான குறியீட்டைப் பெற்று, எங்கள் கணக்குக்கு மாற்ற மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அண்ணி ஒவ்வொரு பெட்டியிலும் தொலைபேசி எண் எழுதிய தாளை முகவரியின்மேல் ஒட்டி அனுப்பினார்.

இப்போது எல்லாப் பெயர்களும் அண்ணியின் பெயரில், அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில், ஒரே பதிவு நிறுவனத்தில் இருக்கின்றன. .இன்னை 10 ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிட்டோம்; அதுதான் உச்ச அளவு. எழுத்துக்கூட்டலில் தோற்றுப்போன பழைய .காமைப் பழைய வாடிக்கையாளர்களுக்காக மட்டும் ஆண்டுதோறும் புதுப்பித்து .இன்னுக்குத் திருப்பி வைத்திருக்கிறோம். சிறு வியாபாரத்துக்குப் பெயர் தேடி என்னிடம் கேட்பவர்களுக்கு, முதலில் பத்துப் பேரைத் தொலைபேசியில் அழைத்து எழுதச் சொல்லுங்கள், பிறகு .இன் வாங்குங்கள், கையில் இன்னும் சில நூறு ரூபாய் இருந்தால் .இந்தியாவையும் ஒற்றோடும் ஒற்றில்லாமலும் வாங்கி வையுங்கள் என்றே சொல்கிறேன். எங்கள் புதிய பெட்டிகளில் .இன் முகவரி பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே, கோவில்பட்டி ஆசிரியர் போன்றவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவில், தமிழ் முகவரியையும் அச்சிட்டிருக்கிறோம்.